செட்டை மாற்றும் முன் பென்டிரைவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளியும் தைப்பூசமும் நெருங்கும்போது சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டறைக்கு வரும் கார்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. புதுப் பென்டிரைவில் பாட்டு ஏற்றிச் செருகினால் ரேடியோ படிக்கவில்லை. "செட் போச்சு, மாத்திடுங்க" என்ற பதில் பல இடங்களில் உடனே வந்துவிடுகிறது. பழைய மைவியும் சாகாவும் ஓட்டும் குடும்பங்களுக்கு அது சில நூறு வெள்ளிச் செலவு. கழற்றிய செட்டில் பெரும்பாலும் ஒரு குறையும் இருப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பார்க்க வேண்டியது பென்டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, அதாவது ஃபைல்களை அடுக்கிவைக்க எந்த அமைப்பு போடப்பட்டிருக்கிறது என்பதை. கணினியில் செருகி, அதன் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் தெரியும். ஃபேட்32 என்றிருந்தால் ஏறக்குறைய எல்லா செட்டும் படிக்கும். என்டிஎஃப்எஸ் பல செட்டுகளுக்குப் புரியாது. எக்ஸ்ஃபேட் பழைய செட்டுகளுக்குப் புரியாது. எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்த செட் தயாரிப்பவர்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது; முழு விவரக்குறிப்பை அந்நிறுவனம் வெளியிட்டது 2019-இல்தான். மலிவான செட்டுகள் பலவற்றில் அது இல்லாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். இன்று கடையில் கிடைக்கும் 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ்களில் பல எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. பிறகு எப்படிப் படிக்கும்?

வின்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி, 32 ஜிபிக்கு மேற்பட்டவற்றுக்கு ஃபேட்32-ஐ நீண்ட காலமாகக் காட்டாமலேயே இருந்தது. அதனால் பெரிய பென்டிரைவுக்கு ஃபேட்32 ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த வரம்பு ஃபார்மட் பெட்டிக்கு வைத்தது. ஃபேட்32 முறை 2 டிபி வரைக்கும் தாங்கும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பூட் செலக்‌ஷனில் நான் பூட்டபிள், பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்பிஆர், ஃபைல் சிஸ்டமில் ஃபேட்32 என்று தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால் போதும். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், ஆகவே பாடல்களை முன்பே கணினியில் நகலெடுத்துவிடுங்கள். மேலே காட்டும் டிரைவின் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள். கூடவே வேறொரு ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிடுவது நல்லது.

உண்மையில் காருக்கு அவ்வளவு பெரிய பென்டிரைவே தேவையில்லை. 320 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று ஏறத்தாழ 12 எம்பி பிடிக்கும். 32 ஜிபியில் அப்படி 2,500 பாடல்கள் தாராளமாக அடங்கும். இரவுச் சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் 512 ஜிபி, 1 டிபி பென்டிரைவ்களைத் தொடவே வேண்டாம். பல போலி. உள்ளே 8 அல்லது 16 ஜிபி சிப்தான் இருக்கும், அதற்கு மேல் ஏற்றும் பாட்டு எல்லாம் குப்பையாகிவிடும். முதல் சில நூறு பாடல்கள் நன்றாக ஓடி, பிறகு செட் திணறி நிற்கும்; பழி செட்டின் மேல் விழும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி டிரைவ் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

ஃபேட்32 ஆக்கியும் கார் 'நோ டிவைஸ்' என்றால், அது ஆப்பிள் கணினியில் ஃபார்மட் ஆனதா என்று கேளுங்கள். அங்கே பார்ட்டிஷன் அமைப்பு எம்பிஆருக்குப் பதில் ஜிபிடி என்ற வேறு முறை ஆகிவிட்டிருக்கலாம். கணினிகள் அதைப் படிக்கும், பெரும்பாலான கார் செட்டுகள் படிக்காது. ஆப்பிளின் டிஸ்க் யுடிலிட்டியில் மாஸ்டர் பூட் ரெக்கார்ட் (மேலே சொன்ன எம்பிஆர்), எம்எஸ்-டாஸ் ஃபேட் என்ற இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆப்பிள் கணினி புள்ளியும் அடிக்கோடும் முன்னால் சேர்த்த மறைவு ஃபைல்களையும் போட்டுவைக்கும். செட் அவற்றையும் பாட்டு என்று எண்ணித் தடுக்கி நிற்கும். அவற்றை அழித்துவிடுங்கள்.

டிரைவைக் காட்டிவிட்டு 'நோ ஃபைல்' என்றால் குறை பாடல்களில்தான். எம்4ஏ ஃபைலின் பெயரை எம்பி3 என்று மாற்றினால் அது எம்பி3 ஆகாது, முறையாக கன்வெர்ட் செய்ய வேண்டும். ஃப்ளாக் வகைப் பாட்டு ஃபைல்கள் எல்லா செட்டிலும் ஓடாது. 'ரீடிங்' என்றே நின்றுவிட்டால், பாட்டுக்குள் பொதிந்திருக்கும் அட்டைப்படம் மிகப் பெரியதா என்று பாருங்கள். 500க்கு 500 பிக்சல் ஜேபெக் தாராளம். ஆயிரக்கணக்கான பாடல்களை ஒரே ஃபோல்டரில் கொட்டாமல் நூறு நூறாகப் பிரித்து வையுங்கள். ஒரு ஃபோல்டரில் இத்தனைதான் என்ற வரம்பு பல செட்டுகளுக்கு உண்டு. தமிழில் வைத்த பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான், பாட்டு ஓடும்.

காலையில் விநாயகர் பாடல்தான் முதலில் வர வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். சில செட்டுகள் பெயர் வரிசையில் பாடும், சில செட்டுகள் டிரைவில் நகலெடுத்த வரிசையில் பாடும். 001, 002 என்று மூன்று இலக்கத்தில் எண் போட்டு (1, 2 என்று போட்டால் 10-ஆம் பாட்டு 2-க்கு முன்னால் வந்துவிடும்), அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றினால் இரண்டு வகைக்கும் சரியாகிவிடும்.

டிரைவ் சரி என்று உறுதியான பிறகே பென்டிரைவ் செருகும் யுஎஸ்பி துளைக்கு வாருங்கள். "கைப்பேசி சார்ஜ் ஆகிறதே, துளை நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவு தவறு. பழைய வகை யுஎஸ்பி வயரில் நான்கு கம்பிகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் தரவுக்கு. சார்ஜ் ஏற முதல் இரண்டு போதும். சில கார்களில் ஒரு துளை சார்ஜுக்கு மட்டுமே. சிகரெட் லைட்டரில் செருகும் அடாப்டர்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். கார் வாங்கிய பிறகு தனியாகப் பொருத்திய ஆண்ட்ராய்டு பிளேயர்களில் 4 பின், 6 பின் என இரண்டு யுஎஸ்பி வயர்கள் வரும். ஒன்று படிக்காவிட்டால் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் தேடி மற்றதில் செருகிப் பாருங்கள்.

தோட்டப் பாதையின் செம்மண் தூசி துளைக்குள் படிந்து ஈரத்தோடு இறுகிவிடும். காரின் மின்சாரத்தை முழுதும் அணைத்து, மரப் பல்குச்சியில் மெல்லிய துணி சுற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம்; 5 வோல்ட் முனை ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய்விடலாம். பென்டிரைவை வெயிலில் நிற்கும் காரிலேயே விட்டுவிடுவதும் நல்லதல்ல. கிங்ஸ்டன் டேட்டாடிராவலர் வகைக்கே இயங்கும் வெப்பம் 60 டிகிரி வரைதான்.

பேட்டரி வயரைக் கழற்றி ரீசெட் செய்வது கடைசி வழியாக இருக்கட்டும். ஹோண்டா போன்ற சில கார்களில் அதன் பிறகு ரேடியோ கோட் என்ற ரகசிய எண்ணைக் கேட்கும். அந்த எண் உள்ள அட்டை கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32, எம்பிஆர் முறையில் ஃபார்மட் செய்து, 128 கேபிபிஎஸ் எம்பி3 பாடல்கள் மூன்றை மட்டும் ஏற்றிக் கல்லாப்பெட்டியில் வைத்திருங்கள். வாடிக்கையாளர் முன்னால் அதைச் செருகுங்கள். அது பாடினால் செட்டுக்கு விலை சொல்லாதீர்கள். பென்டிரைவ் விற்கும் கடைக்காரர்களும் கேட்பவருக்கு ஃபேட்32 ஆக்கியே கொடுக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
கார் ஒலிக்கருவித் தொழிலில் உள்ள வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்