ரீஸ்டார்ட் ஆனதும் காணாமல் போன இரண்டு ஐபி முகவரிகள்: புகார்

அனுப்புநர்: உங்கள் மேனேஜ்டு சர்வர் வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கூடுதல் ஐபி முகவரிகளை நிரந்தரமாக அமைக்காமல் விட்டது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் உபுண்டு 22.04 இயங்குதளம் உள்ள சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒரே நெட்வொர்க் கார்டில் மூன்று ஐபி வேண்டும் என்று கேட்டு, கூடுதல் இரண்டுக்கும் தனியாகப் பணம் கட்டினேன். ஒன்று மெயிலுக்கு, மற்றொன்று ஒரு சித்த மருத்துவமனையின் டோக்கன் முன்பதிவுத் தளத்துக்கு. உங்கள் டெக்னீஷியன் சேர்த்துக் கொடுத்தார். வேலை செய்தது, நானும் நம்பிவிட்டேன்.

சென்ற ஞாயிறு இரவு பராமரிப்புக்காக நீங்களே சர்வரை ரீஸ்டார்ட் செய்தீர்கள். திங்கள் காலை பார்த்தால் முதல் ஐபி மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஆள் 'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். அப்படிச் சேர்த்தது ரீஸ்டார்ட் வரைதான் நிற்கும். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை நிரந்தரமாக வைக்கும் நெட்பிளான் ஃபைலில் எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இல்லாத முகவரியில் வரும் கோரிக்கைகளுக்குக் காத்திருக்கச் சொல்லியிருந்ததால், தளங்களை வழங்கும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் கிளம்பவே இல்லை. முதல் ஐபியில் இருந்த மற்ற தளங்களும் சேர்ந்து படுத்துவிட்டன. மெயில் நின்றுபோயிருந்தால்கூட உடனே தெரிந்திருக்கும். ஆனால் மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், லாக்கில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, முதல் ஐபி வழியாக அனுப்பிக்கொண்டே இருந்தது. எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த ஐபிக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அந்த ஐபி கிடையாது. பல மெயில்கள் திரும்பி வந்தன, சில ஸ்பேமில் விழுந்தன. டோக்கன் எடுக்க முடியாமல் வயதானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டிக்கெட் போட்டேன். "பிங் வருகிறதே" என்று முதல் பதில், அதாவது சர்வர் இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் பதில் வருகிறதாம். பிங் செய்தது முதல் ஐபியை! அடுத்து, நெட்வொர்க் கார்டுக்கு 'ஈத்0:1' என்று மாற்றுப்பெயர் வைக்கும் பழைய வழிமுறையை அனுப்பினீர்கள். உபுண்டு 17.10 முதலே நெட்பிளானுக்கு மாறிவிட்டது. அப்புறம், இரண்டாவது ஐபிக்குத் தனி கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) போடுங்கள் என்றார் இன்னொருவர். மூன்று ஐபியும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) இருக்கும்போது டிஃபால்ட் கேட்வே ஒன்று போதும். அதைச் செய்திருந்தால் இருந்த இணைப்பும் தடுமாறியிருக்கும்.

கடைசியில் நானே மூன்று முகவரிகளையும் நெட்பிளானில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தேன். தவறு நேர்ந்து உறுதிசெய்ய முடியாமல் போனால் 120 விநாடியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற தைரியம். பிறகு ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தேன். மூன்றும் நிற்கின்றன. இந்த வேலைக்குத்தானே மாதாமாதம் உங்களுக்குத் தனிக் கட்டணம் கட்டுகிறேன்?

சரி, இனி நான் கேட்பது இதுதான். இந்த மாத மேனேஜ்மென்ட் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். கூடுதல் ஐபி கொடுக்கும் ஒவ்வொரு சர்வரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே ஒப்படையுங்கள். அந்தப் பழைய வழிமுறையையும் மாற்றுங்கள். அதே டெக்னீஷியன் அமைத்துக் கொடுத்த மற்றவர்களின் சர்வர்களை அடுத்த பராமரிப்புக்கு முன்பே சரிபாருங்கள். அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரிந்திருக்காது.

ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்