மருந்துக்கடை பாக்கியை அடைத்த சேலத்து மக்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் நாய்களுக்கு மருந்து வாங்கும் கடைக்குப் போயிருந்தேன். வழக்கமாக என் தலையைப் பார்த்ததும் பாக்கி நோட்டை எடுத்து வைக்கும் கடைக்கார அண்ணன், இந்த முறை டீ சொன்னார். 1,38,000 ரூபாய் பாக்கியில் 1,27,000 அடைந்துவிட்டது. அத்தனையும் நீங்கள் கொடுத்தது.

கடன் எப்படி வந்தது என்பது பணம் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும். ஏற்காடு அடிவாரத்தில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருக்கும் இடத்தில் இன்று 84 நாய்கள். ஒரு நாளைக்கு 15 கிலோ குருணை, அதோடு கோழிக்கடைகளிலிருந்து வரும் தலையும் காலும். குருணைக்கு மட்டும் மாதம் 13,500 ரூபாய். சமைத்துக் கழுவிப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேருக்குச் சம்பளம் 24,000. வாடகை 9,000. கரண்ட், விறகு, ஆட்டோ, மருந்து என்று கூட்டினால் 90,000 பக்கம் வந்து நிற்கும். வரவோ, நல்ல மாதத்திலேயே 60,000 தாண்டாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. புழு வைத்த புண்ணோடு ஒரு நாயைப் படமெடுத்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் பணம் வந்துவிடும். புண் ஆறி, தின்று தூங்கும் சாதாரண நாயாகிவிட்டால் அதோடு சரி. அப்புறம் பத்து வருஷத்துக்கு அதற்குச் சோறு போடுவது எங்கள் பாடு. குருணை மூட்டையைப் படமெடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்? நானே பார்க்க மாட்டேன்.

சித்திரை வெயிலில் வந்தது குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ். யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு கேட்டருகே வைத்துவிட்டுப் போன ஐந்து குட்டிகளில் ஆரம்பித்து, ஒரே வாரத்தில் 17 குட்டிகள் படுத்துவிட்டன. வாந்தி, ரத்தமாகக் கழிச்சல். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து என்று தனியாக எதுவும் கையில் இல்லை. நீர்ச்சத்து போகாமல் டிரிப் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, வேறு தொற்று சேராமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்கும்வரை பிடித்து வைக்க வேண்டியதுதான். ஒரு குட்டிக்கு ஐந்து நாள், ஏழு நாள் ஆகும். ராத்திரியும் ஆள் உட்கார வேண்டும். 11 குட்டிகள் பிழைத்தன. பாக்கி நோட்டில் பாதிக்கு மேல் அந்த மூன்று வாரத்துக் கணக்கு.

குட்டிகள் தேறிய பிறகும் சனியன் விடாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஃபினாயிலுக்கெல்லாம் அசையாது. பிளீச்சிங் கரைசல் விட்டுத்தான் தரையையும் தட்டுகளையும் கழுவ வேண்டும். அதற்கு யாரிடம் போய்க் காசு கேட்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் டிவிஎஸ் வண்டியில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரோடு வந்து இறங்கினார். பெயர் கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்குங்க, எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணா, இதைப் படித்தால் ஒரு நடை வாருங்கள். நீங்கள் கொடுத்த பவுடரில் கழுவிய அறையில் இப்போது குட்டிகள் ஓடுகின்றன.

செவ்வாய்ப்பேட்டை அரிசி மண்டிக்காரர் மூன்று மாதமாகக் குருணையை வாங்கின விலைக்கே கொடுக்கிறார். கோழிக்கடை பாய் எப்போதுமே காசு வாங்கியதில்லை, ரம்ஜான் மாதத்திலும் மறக்காமல் எடுத்து வைத்தார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அம்மா பழைய சணல் சாக்குகளை லாரியில் அனுப்பினார். மார்கழிக் குளிருக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது, கடித்துக் கிழித்தாலும் மனசு வலிக்காது. உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் ஞாயிறுதோறும் வந்து என் கிறுக்கல் கணக்கை ஒழுங்காக எழுதித் தருகிறார். போன மாதத்திலிருந்து வரவு செலவை கேட்டிலேயே ஒட்டுகிறோம். யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம்.

நன்கொடைக்கு வருமான வரியில் சலுகை தரும் 80ஜி பிரிவைப் பற்றியும் அந்த ஐயாதான் விளக்கினார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது, அதனால் வங்கி வழியாகக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புது வரித் திட்டத்துக்கு மாறியவர்களுக்குச் சலுகையே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

கொலுசுப் பட்டறை நடத்தும் அந்தத் தம்பதிக்குத் தனியாக ஒரு வார்த்தை. "குட்டிகளைக் காப்பாத்தறது இருக்கட்டும், பொறக்காம இருக்க என்ன செலவு ஆகும்?" என்று கேட்ட ஒரே ஆட்கள் நீங்கள்தான். உங்கள் பணத்தில் 12 பெட்டை நாய்களுக்குக் கருத்தடை முடிந்தது. காதில் வெட்டுக் குறி போட்டு, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டாயிற்று. வேறெங்காவது கொண்டுபோய் விடச் சொல்லித் தெருக்காரர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டுக்கான 2023 விதிகள்படி பிடித்த இடத்தில்தான் விட வேண்டும். சொல்லிப் புரியவைக்க அரை நாள் போனது. ஒரு பெட்டை வருஷத்துக்கு இரண்டு தடவை ஈனலாம், தடவைக்கு ஐந்தாறு குட்டி. அந்தக் குட்டிகளெல்லாம் அட்டைப்பெட்டியில் என் கேட்டுக்கு வந்திருந்தால் ஆகும் செலவை நினைத்தால், கொடுத்த பணத்தில் பெரிய பணம் உங்களுடையதுதான்.

மேடையேறி 50,000 தருகிறேன் என்று சொல்லி, மாலை போட்டுக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் வணக்கம். அந்தப் பேச்சை நம்பித்தான் மருந்துக்கடையில் தைரியமாகக் கடன் சொன்னேன்.

மீதி 11,000 ரூபாயை அடுத்த மாதச் சம்பளத்தில் நானே அடைத்துவிடுகிறேன், அதற்காக யாரும் அனுப்ப வேண்டாம். அனுப்பத் தோன்றினால் குருணையாகவே கொடுங்கள். கிரீம் பிஸ்கட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சீசனில் மலைப்பாதையில் காரிலிருந்து இறக்கிவிடப்பட்ட கிழட்டு லாப்ரடாரைப் பலர் விசாரித்திருந்தீர்கள். தட்டுவடை செட் வண்டி போடும் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். சாயங்காலமானால் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து படுத்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள், ஆனால் சட்னி தொட்ட தட்டுவடையைக் கொடுத்துவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

நன்றியுடன்,
அடிவாரத்திலிருந்து