ஜூலியா அம்மாவைப் பற்றி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். மகள் கோவையில் விடுதியில் சேர்ந்ததும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். குளிர் விட்டுவிட்டதால் வார இறுதிகளில் வெளியே நடக்க முடிகிறது.

ஓவிய வகுப்பில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலைப் பற்றி நடத்தப் போகிறேன், அவர் பிறந்த பிட்ஸ்பர்க்கில்தானே இருக்கிறாய், ஏதாவது எழுது என்று கேட்டிருந்தாய். அவரைப் பற்றி உனக்கே நிறையத் தெரியும். அவருடைய அம்மாவைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பிட்ஸ்பர்க்கை அடுத்த பெதல் பார்க்கில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் மகனின் கல்லறை மேல் ரசிகர்கள், அவர் வரைந்து புகழ்பெற்ற சூப் டப்பாக்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் அப்பா அம்மா கல்லறைக்கு அந்தக் கவனிப்பு இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து அந்த அம்மாவைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன்.

ஜூலியா 1891-ல் கார்பாத்தியன் மலையடிவாரத்தில் மிக்கோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். அன்று அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு. இன்று ஸ்லோவாக்கியாவின் வடகிழக்கு மூலை. ருசின் என்ற சின்னஞ்சிறு இனத்தவர். 1909-ல் கல்யாணம். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கணவர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட, இவர் ஊரிலேயே தங்கிவிட்டார். முதல் குழந்தை, பெண் குழந்தை, கைக்குழந்தையாகவே இறந்துபோனது. அப்புறம் முதல் உலகப் போர். ரஷ்யப் படையும் ஆஸ்திரியப் படையும் அந்த மலைகளில்தான் மோதிக்கொண்டன. காட்டுக்குள் ஓடி ஒளிந்து உயிர் பிழைத்திருக்கிறார். கணவரிடம் போய்ச் சேர 1921 வரை ஆனது. கப்பல் செலவுக்கு ஊர்ப் பாதிரியாரிடம் 160 டாலர் கடன் வாங்கினாராம். மகனைப் பற்றிய புத்தகங்கள் இந்த வருடங்களை ஒரு பத்தியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு மட்டும் அங்கேயே நின்றுவிடத் தோன்றுகிறது. நம் தெருவில் வீட்டுக்காரரை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த பெண்களை நீயும் பார்த்திருக்கிறாய். அவர்களுக்காவது வாசலில் போர் இல்லை.

பிட்ஸ்பர்க்கில் மூன்று பையன்கள் பிறந்தார்கள். கடைசிப் பையன்தான் ஆண்டி, 1928-ல். கணவருக்குக் கட்டுமானக் கூலி வேலை. ஜூலியா வீடுகளைச் சுத்தம் செய்தார். காலிப் பழ டப்பாக்களை வெட்டித் தகரப் பூக்கள் செய்து வீடு வீடாக விற்றார். எட்டு வயதில் ஆண்டிக்குக் கை கால் நடுங்கும் நோய் வந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கையில் கொடுத்து, ஒரு பக்கம் முடித்தால் ஒரு சாக்லேட் என்று உற்சாகப்படுத்தியதும் இவர்தான். 1942-ல் கணவர் இறந்துவிட்டார். இரண்டு வருடத்தில் இவருக்கே குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து, வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தினார்கள். அந்தப் பையோடு இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

எதைப் பிடித்துக்கொண்டு இத்தனையையும் தாங்கினார் என்று கேட்டால், அந்தக் கோயிலைக் காட்டுவேன். ருஸ்கா தோலினா என்று அவர்கள் அழைத்த பள்ளத்தில், புனித ஜான் கிரிசோஸ்தோம் பைசாந்தியக் கத்தோலிக்கக் கோயில். ஞாயிறு தவறாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போவார். பீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய தடுப்பு. அதில் வரிசை வரிசையாகப் புனிதர்களின் முகங்கள். நீண்ட வழிபாடு முழுக்க அந்தச் சிறுவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். பின்னாளில் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை வரிசை வரிசையாக அவர் அச்சடித்த படங்களுக்கு வேர் இங்கேதான் என்று விமர்சகர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை.

1952 வாக்கில் நியூயார்க்கில் மகன் வீட்டுக்கு வந்தவர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவரோடு இருந்தார். ஆங்கிலம் கொஞ்சம்தான். மகன் வெளியே கிளம்புமுன் இருவரும் பழைய ஸ்லாவிய மொழியில் சேர்ந்து ஜெபம் செய்வார்கள். ஊரே வியந்த அந்தக் கலைஞர் ஒழுங்காகக் கோயிலுக்குப் போனவர் என்பது 1987-ல் அவருக்காக நடந்த நினைவு வழிபாட்டில் நண்பர் ஒருவர் சொன்னபோதுதான் பலருக்குத் தெரிந்தது. அது அம்மா ஊட்டிய பழக்கம்.

உன் மாணவர்களுக்கு முக்கியமாக இதைச் சொல். ஜூலியாவும் வரைந்தார். பூனைகள், தேவதைகள். மகனின் விளம்பரப் படங்களில் வரும் அந்த வளைந்த கையெழுத்து இவருடையது. 1954-ல் வந்த பூனைப் புத்தகத்தின் தலைப்பில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். மகன் அதை அப்படியே அச்சடித்தார். பிறகு உதவியாளர் ஒருவர் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது. மூண்டாக் என்ற இசைக்கலைஞரின் இசைத்தட்டு உறைக்கு எழுதியதற்கு விருதும் கிடைத்தது, ஆனால் ‘ஆண்டி வார்ஹோலின் அம்மா’ என்ற பெயரில். இது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

1972 நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் இறந்தார். மகன் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அம்மாவின் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவருக்குள் என்ன இருந்தது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஜூலியாவின் பூனைப் படங்களின் அச்சுப் பிரதிகள் சில இங்கே அருங்காட்சியகத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். வகுப்பு எப்போது என்று எழுது, அதற்குள் தபாலில் அனுப்பிவிடுகிறேன். பிள்ளைகளுக்குக் காட்டும்போது கரும்பலகையில் ‘ஜூலியா வர்ஹோலா’ என்று பெயரை எழுதிவிட்டே காட்டு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்