எரிந்துபோன ஜன்னலை எப்படிப் பார்த்தீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த் ரெக்டரியைப் (ஊர்க் குருவான ரெக்டர் குடியிருக்கும் வீடு) பற்றிய சென்ற இதழ்ப் பயணக் கட்டுரையில், 'பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைச் சிறுவனாகத் தீயிலிருந்து மீட்ட ஜன்னலை இன்றும் காணலாம்' என்று இருந்தது. நிருபரின் கண்பார்வையை மெச்ச வேண்டும்! அந்த ஜன்னல் 1709 பிப்ரவரி 9 இரவே சாம்பலாகிவிட்டது. எரிந்தது மரச்சட்டமும் சாந்தும் வைக்கோல் கூரையுமான வீடு. ஐந்து அங்கணம் (தூணுக்குத் தூண் உள்ள பகுதி), மூன்று தளம், ஏழு முக்கிய அறைகள் என்று 1607-ஆம் ஆண்டுக் குறிப்பே சொல்கிறது. ஏணிக்கு நேரமில்லாமல் ஒருவர் தோளில் ஒருவர் ஏறித்தான் ஐந்து வயதுப் பையனை இறக்கினார்கள். உடனே கூரை சரிந்தது. இப்போது நிற்பது அதன்பின் கட்டிய செங்கல் வீடு. தாங்கள் அச்சிட்ட படத்திலேயே செங்கல் தெரிகிறதே!

'ரெக்டருக்கு இலவசமாகக் கிடைத்த பங்களா' என்றும் ஒரு வரி. அக்காலத்தில் ஊர் விளைச்சலின் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) முழுவதும் பெற்றவர் ரெக்டர். தானியப் பங்கு வேறு கைக்குப் போய், சில்லறைப் பங்கு மட்டும் பெற்ற குரு விகார். வீட்டைப் பழுது பார்ப்பது ரெக்டரின் சொந்தச் செலவாக இருந்தது. பழுது பார்க்காமல் இறந்தால், அடுத்து வந்த ரெக்டர் அந்தச் செலவை இறந்தவரின் குடும்பத்திடம் கேட்டு வாங்க முடிந்தது. அங்கே ரெக்டராக இருந்த ஜானின் தந்தை சாமுவேல் வெஸ்லி 1705-லேயே கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்தவர். எரிந்த வீட்டை மறுபடி எழுப்ப ஏறத்தாழ 400 பவுன் ஆனது. இலவசமாம்!

அந்த வீட்டில் 1716 டிசம்பரில் தட்டத் தொடங்கிய 'ஜெஃப்ரி' பேய்க்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். சுவரைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. அடைபட்ட ஜன்னல் எதைக் கண்டாலும் 'ஜன்னல் வரிக்காக மூடியது' என்று எழுதுவதும் தங்கள் இதழுக்குப் பழக்கமாகிவிட்டது. ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து விதித்த அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மைதான். ஆனால் பின்னாளில் அடைத்ததென்றால் ஓரத்தில் செங்குத்தாக நேர்கோட்டு இணைப்பு தெரியும். முகப்பின் சமச்சீருக்காகக் கட்டும்போதே பொய் ஜன்னலாக விட்டிருந்தால் செங்கல் வரிசை சுவரோடு பின்னிப் போகும். கிட்டே போய்ப் பார்த்தாலே போதும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, 'பழைய செங்கல் சுவருக்குச் சிமென்ட் பாயின்டிங் செய்யுங்கள்', அதாவது செங்கற்களுக்கு இடையிலான இணைப்புகளைச் சிமென்டால் அடையுங்கள், என்ற பெட்டிச் செய்தி. அக்காலச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மை. ஈரம் காரை வழியாகத்தான் உலரும். சிமென்டால் அடைத்தால் அந்த ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, உறைந்து, பெருத்து, செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும். சிமென்ட் கோடு மட்டும் துருத்தி நிற்கும். (உறைபனி இல்லாத நம் ஊரில் செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும் வேலையை உப்பு பார்த்துக்கொள்கிறது.) சரியாகச் செய்வதென்றால், பழைய காரையை இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கையால் சுரண்ட வேண்டும், கட்டிங் மெஷின் வைத்தால் செங்கல் ஓரம் போச்சு. தூசி தட்டி, நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு பருமணல் கலந்து அழுத்தி அடைத்து, சில நாள் ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் பருவத்தில் தொடவே கூடாது.

ஜன்னலுக்கும் சிமென்டுக்கும் சேர்த்து இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். பேய்க்கு ஒதுக்கிய இடத்தில் அது தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகர்,
மதுரை