இரண்டு காது மெஷினும் ஒரு ஜோடி: ஆடியாலஜிஸ்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

காதைச் சோதித்து மெஷின் பொருத்தித் தரும் ஆடியாலஜிஸ்ட்களுக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு 72 வயது. போன வருடம் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். பேச்சு நன்றாகவே கேட்டது. ஆனால் வலப்பக்கம் பைக் ஹாரன் அடித்தால் இடப்பக்கம் திரும்பினார். மாடியிலிருந்து நான் கூப்பிட்டால் வாசலுக்குப் போய் நின்றார். "வயசாயிடுச்சும்மா" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து வேறொரு ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இரண்டு மெஷினையும் இணைக்கும் வசதி அணைந்தே கிடந்திருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வலப்பக்கத்துச் சத்தம் வலது காதுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம் முந்தி வருகிறது. தலை மறைப்பதால் இடது காதில் அது சன்னமாக விழுகிறது. கீச்சென்ற ஒலிகளில் இந்த வித்தியாசம் 20 டெசிபல் வரைகூடப் போகும். சத்தம் எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பது இந்த இரண்டையும் வைத்துத்தான். மெஷினோ சன்னமான சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் பெருக்குகிறது. இரண்டும் தனித்தனியாக வேலை செய்தால் வலது அடக்கி வாசிக்கும், இடது ஏற்றிக் கொடுக்கும். தலை உண்டாக்கிய வித்தியாசம் அங்கேயே குறைந்துபோகிறது. ஹோட்டல் இரைச்சலில் ஒரு மெஷினின் மைக் முன்பக்கத்தை மட்டும், இன்னொன்றின் மைக் சுற்றுப்புறம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் குழப்பம்.

மெஷின்கள் தங்களுக்குள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் வசதியை சீமென்ஸ் 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. இன்று பல மாடல்களில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய வசதி அணைந்து கிடப்பதுதான் வயிற்றெரிச்சல்.

இணைத்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில வாரம் பழக வேண்டியிருந்தது. இப்போது ஹாரன் அடித்தால் பெரும்பாலும் சரியான பக்கம்தான் திரும்புகிறார்.

உங்களிடம் கேட்பது இதுதான். மெஷினைக் கொடுக்கும்போது எங்கள் முன்னாலேயே ஒரு பக்கத்து வால்யூம் பட்டனை அழுத்தி, மறுபக்கமும் மாறுகிறதா என்று காட்டுங்கள். இரண்டு காதுக்கும் கேட்கும் திறன் ரொம்ப வித்தியாசப்பட்டு, வேண்டுமென்றே அணைத்து வைத்தீர்களென்றால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஒன்று தொலைந்து, மலிவாக வேறு கம்பெனி மெஷின் வாங்க வருகிறவர்களிடம் அது பழையதோடு பேசாது என்று பில் போடும் முன்பே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு மறுபரிசோதனை. இணைப்பு ஓடுகிறதா என்று நான் கேட்டுவிடுவேன். கேட்கத் தெரியாமல் வருகிறவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்