பலி எண்ணிக்கைக்கு முந்தைய மணி நேரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஒரே நாளில் டஜன் கணக்கில் டொர்னேடோக்கள் (மேகத்திலிருந்து தரை வரை இறங்கும் கடும் சுழற்காற்றுகள்) கிளம்பி ஊர்களைச் சிதைக்கும்போதெல்லாம் நம் இதழ்களில் மறுநாள் ஒரே மாதிரிச் செய்திதான் வருகிறது: தரைமட்டமான ஒரு தெருவின் படம், பலி எண்ணிக்கை, ஆளுநரின் இரங்கல். அது வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய மணி நேரங்களில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். ரேடார் படங்களும் அங்குள்ள உள்ளூர் டிவி நேரலைகளும் இணையத்தில் கிடைப்பதால், பல வருடங்களாக இவற்றை நடக்க நடக்கவே கவனித்து வருகிறேன்.

இந்த டொர்னேடோக்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுவதில்லை. ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம், எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஆபத்து என்று காலையிலேயே, சில சமயம் நாட்கணக்கில் முன்னதாகவே, வரைபடம் போட்டுவிடும். அப்புறம் வருவது 'வாட்ச்': சூழல் கூடி வருகிறது, தயாராக இருங்கள். கடைசியில் 'வார்னிங்': ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே பதுங்குங்கள். இதற்குப் பிறகு கிடைப்பது பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கும் குறைவுதான்.

2021 டிசம்பர் 10 இரவை என்னால் மறக்க முடியவில்லை. காற்றின் திசையைக் காட்டும் ரேடார் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒட்டி நின்றால் அங்கே சுழற்சி இருக்கிறது என்று பொருள். காற்றிலுள்ள துகள்கள் எல்லாம் ஒரே மாதிரியானவைதானா என்று காட்டும் படம் இன்னொன்று உண்டு. மழை மட்டும் பெய்தால் அது ஒரே நிறமாகத் தெரியும். சுழற்சி இருக்கும் அதே இடத்தில் நடுவே நீலத் திட்டு ஒன்று தோன்றினால், மேலே பறப்பது மழைத்துளி இல்லை. கூரைத் தகடு, மரக்கிளை, சுவர்ப் பலகை. கென்டக்கியின் மேஃபீல்ட் நகரத்தின் மீது அந்தத் திட்டு நகர்ந்தபோது, ஓர் ஊர் அந்த நிமிடமே உடைந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஒரே டொர்னேடோ சுமார் 265 கிலோமீட்டர் தரையை உழுதுகொண்டு போய் 57 பேரைக் கொன்றது.

ஊருக்குள் அது நுழையும் முன்பே உச்சகட்ட எச்சரிக்கையான 'டொர்னேடோ எமர்ஜென்சி' கொடுத்துவிட்டார்கள். அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. பிறகு ஏன் இத்தனை சாவு? செய்தித்தாள் கேட்க வேண்டிய கேள்வி இது என்பது என் எண்ணம்.

2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவில் விடிகாலைப் புயல்களே மின்சாரத்தைத் துண்டித்து, எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் வானிலை வானொலி நிலையங்கள் சிலவற்றையும் முடக்கிவிட்டன. மாலையில் பெரியவை வந்தபோது பல வீடுகளில் டிவி ஓடவில்லை. டஸ்கலூசா நகரை நெருங்கிய சுழலைக் கேமரா நேரலையில் காட்டியது, வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்பான் ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பதுங்கச் சொன்னார். கேட்க முடிந்தவர்கள் எத்தனை பேரோ! அந்த ஒரு நாளில் மட்டும் அலபாமாவையும் சேர்த்துப் பல மாநிலங்களில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே மிசௌரியின் ஜாப்லின் நகரில் 150-க்கும் மேற்பட்டோர். அங்கே சைரன் ஒலித்தது. ஆனால் முதல் சைரனிலேயே பலர் பதுங்கவில்லை, வேறு ஏதாவது உறுதிப்படுத்தட்டும் என்று காத்திருந்தார்கள் என்று பின்னர் நடந்த அரசு ஆய்வு சொன்னது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்கடி சைரன் கேட்டு ஒன்றும் நடக்காத ஊரில் யாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

ஆகவே அடுத்த முறை செய்தி போடும்போது சில வரிகள் கூடுதலாகச் சேருங்கள். எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது, டொர்னேடோ எத்தனை மணிக்குத் தாக்கியது? பகலா, இரவா? இரவில் வருவது உயிரைப் பறிக்கும் வாய்ப்பு பகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இறந்தவர்கள் நிலவறை உள்ள வீட்டில் இருந்தார்களா, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும், அடித்தளத்தோடு சரியாகப் பிணைக்கப்படாத 'மொபைல் ஹோமில்' இருந்தார்களா? அமெரிக்காவில் டொர்னேடோவில் சாகிறவர்களில் பெரும் பங்கினர் இந்த மொபைல் ஹோம்களில் இருந்தவர்கள்தான். பலி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும் முதல் நாளிலேயே இதையெல்லாம் சேகரிக்க முடியாது என்பது புரிகிறது. ஒரு வாரம் கழித்து, உள்பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கினாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்