பள்ளி விட்ட பிறகும் கதவைத் திறந்து வைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மாலை மணி அடித்த பிறகும் நம் பள்ளியில் விளக்கு எரிவது இப்போது யாருக்கும் புதுமையாகத் தெரிவதில்லை. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் இருட்டும்வரை அங்கேயே இருக்கிறார்கள். பெரியவர்கள் கணினி கற்கிறார்கள். கண், காது பரிசோதிக்கச் செவிலியர் வருகிறார். இதில் எதுவும் தானாக நடந்துவிடவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன். யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி வாட்ச்மேன் அண்ணனுக்கும் துப்புரவுப் பணி செய்யும் அக்காக்களுக்கும். மேடையில் இவர்களைக் கடைசியில்தான் சொல்வார்கள், அதுவும் நேரம் மிச்சமிருந்தால். ஆனால் இவர்கள் இல்லையென்றால் இந்த முயற்சி தொடக்கத்திலேயே படுத்திருக்கும். மாலை வகுப்புகள் ஆரம்பித்த புதிதில், காலையில் வரும் ஆசிரியைக்குத் தினமும் ஒரு தலைவலி. பெஞ்சு இடம் மாறியிருக்கும், பலகையில் எழுதி வைத்துப் போன கணக்கு அழிந்திருக்கும், பிள்ளைகள் ஒட்டிய படம் கிழிந்திருக்கும். கோபம் வராதா? அக்காக்களில் ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். எந்த வகுப்பில் பெஞ்சு எப்படி இருக்க வேண்டும் என்று தாளில் வரைந்து கதவின் உட்பக்கம் ஒட்டினார். பலகையின் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லி, ‘இதற்குள் அழிக்கக் கூடாது’ என்று எழுத வைத்தார். மாலையில் வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் பெஞ்சை இழுத்துப் போட்ட பிறகுதான் அண்ணன் வாசலில் வழிவிடுவார். கூட்டம் போட்டுப் பேசியும் தீராத சண்டை ஒரு தாளில் தீர்ந்தது.

அடுத்து நூலகர். “பள்ளிக்கூடம் படிக்கத்தானே? ஊர் வேலையெல்லாம் நமக்கெதற்கு?” என்று நிர்வாகக் குழுவில் கேள்வி வந்தபோது அவர்தான் புத்தகங்களோடு எழுந்தார். பள்ளி சமூகத்தின் மையமாக இருக்க வேண்டும் என்று கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1902-லேயே அமெரிக்காவில் பேசியதைச் சொன்னார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் கல்வி அதிகாரியாக இருந்த ஹென்றி மாரிஸ் 1924-இல் ஒரு திட்டம் எழுதி, 1930-இல் சாஸ்டன் என்ற ஊரில் முதல் கிராமக் கல்லூரியைத் திறக்க வைத்த கதையைச் சொன்னார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு, ஊருக்கே ஒரு நூலகம், எல்லாம் ஒரே இடத்தில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரில் 1935-இல் பள்ளிக் கட்டடங்களை மாலையில் பூட்டி வைக்காமல் திறந்துவிட்டதையும் விடவில்லை. நாம் ஏதோ புதுப் பைத்தியக்காரத்தனம் செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் குழுவுக்கு உறைத்தது.

தலைமையாசிரியருக்கு நன்றி, எங்களைத் தடுத்ததற்காகவும் சேர்த்து. இங்கிலாந்து அரசு 2005-இல் வெளியிட்ட திட்டத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் போனோம். காலை 8 மணி முதல் மாலை 6 மணிவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பாடத்துக்கு வெளியே பலவகைச் செயல்பாடுகள், பெற்றோருக்கு ஆதரவு, சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளை உரியவர்களிடம் சீக்கிரம் சேர்ப்பது, பள்ளி வசதிகளை ஊருக்குத் திறப்பது என்று அதில் ஐந்து அம்சங்கள். 2010-க்குள் எல்லாப் பள்ளிகளும் இவற்றைத் தர வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. அவர் பொறுமையாகப் படித்தார். “அத்தனையும் பள்ளியே தனியாகச் செய்ய வேண்டும் என்று இதில் இல்லையே, மற்றவர்களோடு சேர்ந்து செய்யலாம் என்றுதானே இருக்கிறது?” என்றார். இரண்டை மட்டும் தொடங்கச் சொன்னார். மற்றவற்றுக்கு ஆள் கிடைத்த பிறகு வரச் சொல்லி அனுப்பினார்.

ஆலோசகர் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தின் கடைசியில் அவருக்குத் தனி அறை கொடுத்து, வாசலில் பெரிய பலகையும் மாட்டினோம். ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கம் நடந்தாலே ‘வீட்டில் ஏதோ பிரச்சினை’ என்று நாலு பேர் பார்ப்பார்களே! அவரே மேசையைத் தூக்கி நூலகத்தில், புத்தகம் திருப்பித் தரும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு கையில் ஒரு புத்தகத்தோடு வருவார்கள், பிள்ளை எந்தக் கதையை விரும்புகிறான் என்று பேச்சு ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் குரல் தாழும். அப்போது மட்டும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவார். யாரும் உதவி கேட்டு வந்ததாக வெளியே தெரியாது, புத்தகம் மாற்ற வந்ததாகத்தான் தெரியும். அதற்காகவே புத்தகம் எடுக்க ஆரம்பித்து, இப்போது நிஜமாகவே படிக்கிறவர்களும் உண்டு.

விண்ணப்பம் நிரப்ப உதவும் ஓய்வுபெற்ற ஐயாவுக்கும் நன்றி. கேட்டால் தானே எழுதித் தந்துவிடலாம், வேலை சீக்கிரம் முடியும். அவர் பேனாவை எதிரில் இருப்பவர் கையில்தான் கொடுப்பார். வரிசை நீளும், சிலர் முணுமுணுப்பார்கள், அவர் அசைய மாட்டார். தொடக்கப் பள்ளியின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்த பெற்றோருக்குப் பெரிய நாற்காலி வாங்கித் தந்தவருக்கும் நன்றி. செய்யும்போது சின்ன உதவி மாதிரிதான் இருந்தது.

பின்னணிச் சரிபார்ப்புக்குச் சம்மதித்த தன்னார்வலர்களே, உங்களில் ஒருவர் “இத்தனை வருஷமாக இங்கேயே இருக்கிறேன், என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டார். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரியவர்களை உள்ளே விடும்போது தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரிக்க முடியாது. புரிந்துகொண்டதற்கு நன்றி.

கடைசியாக, ஆரம்பத்திலிருந்தே இதை எதிர்த்த அந்த மூத்த ஆசிரியருக்கு. கிண்டலுக்காகச் சொல்லவில்லை. கழிப்பறையை யார் கழுவுவது, விளக்கை யார் அணைப்பது, பெற்றோர் வரத் தாமதமானால் பிள்ளையோடு யார் உட்காருவது என்று அவர் கேட்ட கேள்விகள்தான் எங்கள் வேலைப் பட்டியலே ஆகின. தேர்வு மாதத்தில் மாலை வகுப்புகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் எங்களிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் பேசப் போகிறோம். தலைமை தாங்க அவரையே கேட்டிருக்கிறோம், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
மாலைநேரச் சேவைகளின் ஒருங்கிணைப்பாளர்